சதுரங்கப் பலகையில் சிப்பி: ஓர் இருபது இலக்க எண், மூன்று தப்பு விடைகள்

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன் தெற்குவாடிப் பக்கம் அந்த நாட்களில் ஆம்பளைகள் எல்லாம் கரையில்தான் இருப்பார்கள். வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்ப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பொழுது போகாவிட்டால் பிள்ளைகள் படிப்பதை வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் மாலையில் கணக்கு சொல்லித்தரும் ஓலைக்கொட்டகை கடலிலிருந்து கூப்பிடு தூரம். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் நோட்டுத் தாள் மேல் கல் வைத்துத்தான் எழுத வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டு வந்த ஒரு மாணவிக்குப் பெருக்குத் தொடர்வரிசையை மறுபடி காட்டிக்கொண்டிருந்தேன். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று ராஜாவை ஏமாற்றிய கதை எல்லாருக்கும் தெரியும். அவள் நெல்லுக்குப் பதிலாகக் கரையில் பொறுக்கிய பொடிச் சிப்பிகளைக் கொண்டுவந்து பலகையில் வைக்க ஆரம்பித்தாள். 1, 2, 4, 8, 16, 32, 64 வரை கட்டத்துக்குள் அடங்கியது. எட்டாவது கட்டத்துக்கு 128 சிப்பி. அது சரிந்து பக்கத்துக் கட்டத்தில் கலந்ததால், அதை மட்டும் ஓர் ஓலைக்கொட்டானில் போட்டுப் பக்கத்தில் வைத்தோம். முதல் வரிசையோடு சிப்பி தீர்ந்தது. மொத்தம் 255.

கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்ற அவளுடைய அப்பா கேட்டார்: “ஒண்ணு கொறையுதே சார்? இன்னும் ஒரு சிப்பி இருந்தா 256 ஆயிரும்ல?”

அதேதான். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும், அதுவரை வைத்தது எல்லாம் சேர்த்து, அடுத்த கட்டத்தில் வைக்கவேண்டியதைவிட ஒன்று குறைவு. எட்டுக் கட்டத்துக்கு 2⁸−1. அறுபத்து நான்கு கட்டத்துக்கும் 2⁶⁴−1. நான் யோசிக்காமல் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: அந்த மொத்த எண்ணைக் கண்டுபிடி, அதைப் பகாக்காரணிகளாகப் பிரி. விடையை முன்னால் போட்டுப் பார்க்காமல் கணக்குக் கொடுப்பது வாத்தியாருக்கு ஆகாது. அந்தத் தப்பில்தான் இந்த ஆய்வே தொடங்குகிறது. அடுத்த ஒரு வாரத்தில் மூன்று பேர் மூன்று தப்பு விடை சொன்னோம். அதில் ஒருவன் நான்.

அவள் கொண்டுவந்த எண்

மறுநாள் அவள் ஒரு பிரவுசிங் சென்டரில் அட்டவணை மென்பொருளில் போட்டுப் பார்த்து, நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு வந்தாள்: 18446744073709600000. கடைசியில் ஐந்து பூஜ்யம். அதனால் 1,00,000 ஆல் வகுபடும், அதாவது 2⁵ × 5⁵ நிச்சயம், மீதியை அப்புறம் பிரிக்கலாம் என்று பாதிக் காரணிகளையும் போட்டிருந்தாள். படியெல்லாம் சரி. எண்தான் தப்பு.

அப்பாதான் முதலில் பிடித்தார். “ரெண்டு ரெண்டாப் பெருக்கிட்டு ஒண்ணக் கழிச்சா ஒத்தப்படைதான தாயி வரும்? இதுல பூஜ்யத்துலல முடியுது?”

கடைசி இலக்கத்தைக் கையாலேயே சொல்லிவிடலாம். 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நாலுக்கு ஒரு தரம் சுற்றும். 64 நான்கின் மடங்கு, ஆகவே 2⁶⁴ ஆறில் முடியும். ஒன்றைக் கழித்தால் ஐந்து. பூஜ்யம் வர வழியே இல்லை.

அப்படியானால் கணினி பொய் சொல்கிறதா? பொய் இல்லை, அதற்கு இடம் பத்தவில்லை. இந்த வகை மென்பொருள்கள் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள 64 பிட் (0 அல்லது 1 எழுதும் 64 இடம்) ஒதுக்கும். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட்தான் பயன்படும், மீதி அடுக்குக்கும் குறிக்கும் போய்விடும். 2⁵³, அதாவது 9007199254740992 வரை ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியாகப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் ஒன்று விட்டு ஒன்று, அப்புறம் நாலுக்கு ஒன்று என்று கண் அகன்றுகொண்டே போகும். வலைக் கண் மாதிரி. 2⁶⁴க்குச் சற்றுக் கீழே 2048 எண்ணுக்கு ஒன்றுதான் சிக்கும், சற்று மேலே 4096க்கு ஒன்று. நாம் 2⁶⁴−1 கேட்டால் அது பக்கத்தில் கிடைக்கும் 2⁶⁴ஐ எடுத்து வைத்துக்கொள்கிறது. 2⁶⁴+1 கேட்டாலும் அதையேதான். மூன்று எண்ணும் அதற்கு ஒரே எண்.

இது முதல் தப்பு, அளவு வெறும் 1. இதற்கு மேல் இன்னொன்று. திரையில் காட்டும்போது 15 இலக்கத்துக்கு மேல் காட்டாமல் மீதிக்குப் பூஜ்யம் போட்டுவிடுகிறது. அதில் 48,384 கூடிப்போனது. உண்மையான எண் 18446744073709551615. நம் வழக்கில் சொன்னால் சுமார் 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி. அவ்வளவு பெரிய எண்ணில் 48,384 என்பது கடலில் ஒரு கை உப்பு. விலை, எடை, தூரம் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். வகுபடும் தன்மைக்கு மட்டும் அந்த ஒரு கை உப்பே எல்லாம்; கடைசி ஒன்று மாறினாலும் காரணிகள் அத்தனையும் மாறிவிடும்.

சரியான எண்ணை அன்றே தாளில் பெருக்கி எடுத்தோம். 256ஐ 256 ஆல் பெருக்கினால் 65536. அதை அதனாலேயே பெருக்கினால் 4294967296. இன்னொரு தரம் அதையே. மூன்று பெருக்கல்தான், கடைசிப் பெருக்கலுக்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது. இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது. 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது. 5 ஆலும் வகுபடும். இரண்டு காரணி கையில்.

பலகையை மடித்துப் பார்த்தது

இருபது இலக்க எண்ணை 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் தடைக்காலம் முடிந்துவிடும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் வழி. அது பலகையிலிருந்து வந்தது.

இரண்டாவது வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் கட்டத்தில் 256 சிப்பி, இரண்டாவதில் 512, இப்படி. முதல் வரிசையில் ஒரு சிப்பி இருந்த இடத்தில் இங்கே 256. முதல் வரிசையை 256 தரம் நகல் எடுத்து வைத்தால் அதுதான் இரண்டாவது வரிசை. ஆக இரண்டு வரிசையும் சேர்ந்து 255 × (1 + 256) = 255 × 257 = 65535. அதேபோல மூன்றாம், நான்காம் வரிசைகள் முதல் இரண்டின் 65536 நகல்: மொத்தம் 65535 × 65537. கீழ்ப்பாதிப் பலகை மேல்பாதியின் 4294967296 நகல். முதல் வரிசைக்குள்ளும் இதே கதைதான்: ஒரு கட்டம் 1, இரண்டு கட்டம் 3, நான்கு கட்டம் 3 × 5, எட்டுக் கட்டம் 3 × 5 × 17.

255 சிப்பியை 17 கூறாக அவள் பிரித்து வைத்தாள். கூறுக்குப் பதினைந்து. மீதி இல்லை. அப்பாவுக்கு இது பிடித்திருந்தது. தாமாகவே ஐந்து கூறாகவும் மூன்று கூறாகவும் மாற்றி வைத்துப் பார்த்தார்.

எனவே:

2⁶⁴−1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இருபது இலக்க எண் ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் உடைந்துவிட்டது. எண் பெரிதாக இருப்பதற்கும் உடைக்கக் கடினமாக இருப்பதற்கும் நேரடி உறவு கிடையாது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

நான் சொன்ன தப்பு

இங்கே நான் சறுக்கினேன். “இவை எல்லாம் ஃபெர்மா எண்கள். எல்லாமே பகா எண்கள். கணக்கு முடிந்தது” என்று சொல்லிவிட்டேன்.

“கடைசி எண் பகா எண்ணுன்னு எப்பிடி சார் தெரியும்?” என்றாள். பத்து இலக்கம். எனக்குப் பதில் இல்லை. மனப்பாடத்திலிருந்து சொன்னது அது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் உறைத்தது: நான் சொன்னது 1640இல் பியர் தெ ஃபெர்மா நம்பியதே தவிர உண்மை இல்லை. 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவைதான் ஃபெர்மா எண்கள். அதில் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்று பார்த்த ஃபெர்மா, இந்த வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். ஆறாவது எண்ணான 4294967297ஐ 1732இல் லியோன்ஹார்ட் ஆய்லர் உடைத்துக் காட்டினார். ஃபெர்மா விழுந்த அதே குழியில், வழிகாட்டிப் பலகை வைத்து முந்நூறு வருடம் ஆகப்போகிற சமயத்தில், நான் போய் விழுந்திருக்கிறேன்.

மறுநாள் தப்பை ஒப்புக்கொண்டு, ஆய்லர் போன வழியிலேயே போனோம். இதற்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் மட்டு எண்கணிதமே (வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் கணக்கு) போதும். 2³²+1ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணால் 2³²ஐ வகுத்தால் மீதி −1, அதாவது சரியாக வகுபட ஒன்று குறைகிறது. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴க்கு மீதி 1. அதாவது 2இன் அடுக்குகளின் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒரு தரம் சுற்றுகின்றன. அந்தச் சுற்று, பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். இதுவும் ஃபெர்மா கொடுத்ததுதான், இது மட்டும் சரியான தேற்றம். ஆகவே காரணி 64இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும். 1878இல் எட்வார் லூக்கா இதை இன்னும் இறுக்கி, 128இன் மடங்கோடு 1 என்று ஆக்கினார்.

இதை வைத்துக்கொண்டு தேடினால் பட்டியல் 129, 257, 385, 513, 641 என்று போகிறது. 129உம் 513உம் மூன்றால் போய்விடும். 385 ஐந்தில் முடிகிறது. 257ஐப் பலகையே தள்ளிவிட்டது: 2⁸க்கு மீதி −1, 2¹⁶க்கும் 2³²க்கும் மீதி 1, ஆக 2³²+1க்கு மீதி 2. மிச்சம் 641. அவள் தாளில் நீள் வகுத்தலைப் போட்டாள். காற்று தாளைத் தூக்க, அப்பா ஒரு பக்கம் விரலால் அமுக்கிக்கொண்டார். கடைசியில் பூஜ்யம் வந்தது. ஈவு 6700417.

641க்கு இன்னொரு அழகும் உண்டு. 625 + 16, அதாவது 5⁴ + 2⁴ அதுதான். 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1உம் அதுதான். இரண்டாவதிலிருந்து 5 × 2⁷க்கு மீதி −1. நான்கு தரம் பெருக்கினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. முதலாவதிலிருந்து 5⁴க்குப் பதில் −2⁴ என்று போடலாம். அப்போது −2³²க்கு மீதி 1. வகுத்தலே செய்யாமல் 641 வகுக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கரும்பலகையில் நாலே வரி. இதைப் போட்டுக் காட்டும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன சந்தோஷம் வரும்.

“அப்ப 6700417?” என்றாள். முந்தின நாள் பட்ட சூடு இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. அதன் காரணி எதுவானாலும் அது 4294967297க்கும் காரணி. ஆக அதே 128 விதி பொருந்தும். வர்க்கமூலம் 2589க்குக் கொஞ்சம் கீழே. 129இல் தொடங்கி 2561 வரை மொத்தம் இருபது எண்கள்தான் சந்தேகத்துக்கு உரியவை. அதில் பகு எண்களை அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். 1537 கொஞ்சம் ஏய்த்தது. 29 × 53 என்று பிடிபட நேரமானது. பதினைந்து போக மிஞ்சியவை 257, 641, 769, 1153, 1409. ஐந்து வகுத்தல். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூஜ்யம் இல்லை. ஏழு இலக்கமுள்ள ஓர் எண் பகா எண் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத் தாளில் நிரூபித்துவிட்டாள். சும்மா வகுத்துக்கொண்டு போயிருந்தால் 2589 வரை உள்ள பகா எண்கள் அத்தனையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

65537க்கு இன்னும் சுலபம். அது 2¹⁶+1 ஆனதால் 128 விதியும் பாதியாகிறது: அதன் காரணி 64இன் மடங்கோடு 1. 256க்குள் 65, 129, 193 மட்டும்தான். அதில் பகா எண் 193 ஒன்றே. வகுத்தால் மீதி 110. ஒரே வகுத்தலில் முடிந்தது.

இறுதி விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

இந்த எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம்

ஏழு பகாக்காரணிகள், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. அதனால் வகுக்கும் எண்கள் மொத்தம் 2⁷ = 128. இது ரொம்பக் குறைச்சல். 128 வகுஎண்கள் வேண்டுமென்றால் 83160 என்ற ஐந்து இலக்க எண்ணே போதும். அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது. நம் ராமானுஜன் 1915இல் வெளியிட்ட பெரிய ஆய்வுக் கட்டுரை இந்த மாதிரி எண்களைப் பற்றியதுதான்: தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும்விட அதிக வகுஎண்கள் கொண்டவை. 83160 அந்தப் பட்டியலில் இருக்கும் எண். சதுரங்க எண் அந்த ஜாதி இல்லை. அது பகு எண்தான், ஆனால் அதன் துண்டுகள் பெரிசு பெரிசானவை, எண்ணிக்கையில் குறைவானவை.

மேல்பாதிப் பலகையின் மொத்தம் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள கவராயமும் அளவு குறிக்காத அடிக்கோலும் மட்டும் வைத்து வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றில் இதுவரை தெரிந்த பெரியது இத்தனை பக்கம் கொண்டதுதான். 1796இல் 17 பக்கத்துக்கு வழி கண்டுபிடித்த கார்ல் ஃபிரெட்ரிக் காவுஸ் தொடங்கிவைத்த விஷயம் இது. சிப்பிக்கும் பலகோணத்துக்கும் என்ன உறவு என்று அப்பா கேட்டார். அதைச் சொல்ல ஒரு தடைக்காலம் பத்தாது அண்ணே என்றேன்.

அண்ணன் எழுதிய ஒரு வரி நிரல்

மாணவியின் அண்ணன் இன்ஜினியரிங் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் நோட்டைப் பார்த்துவிட்டு, பைத்தான் நிரல்மொழியில் எத்தனை இலக்கமானாலும் சுத்தமாக வரும் என்றான். உண்மைதான், முழு எண்களுக்கு அது இலக்கத்தை வெட்டாது. அவன் ஒரு வரி எழுதினான். ஃபெர்மாவின் சின்னத் தேற்றம்: ஒற்றைப்படை எண் ஒன்று பகா எண்ணானால், 2ஐ அதில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 2⁶⁴−1க்கு மீதி 1 வரவில்லை, பகு எண், சரி. விளையாட்டாக அடுத்த ஒற்றைப்படை எண்ணான 2⁶⁴+1ஐப் போட்டான். மீதி 1. “இது பகா எண்” என்று அறிவித்துவிட்டான்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. அதே வரியில் 4294967297ஐப் போடச் சொன்னேன். அதற்கும் 1 வந்தது. 641 × 6700417 என்று கையால் உடைத்த எண், சோதனையில் பாஸ். அண்ணன் முகம் மாறியது.

காரணம் இதுதான். எண் 2⁶⁴+1 என்றால், அதனால் வகுக்கும்போது 2⁶⁴க்கு மீதி −1, 2¹²⁸க்கு மீதி 1. சோதனையில் வரும் அடுக்கோ 2⁶⁴. அது 128இன் மடங்கு. ஆக மீதி 1 வந்தே தீரும், எண் பகா எண்ணாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஃபெர்மா எண்கள் எல்லாவற்றுக்கும் 2ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனை இப்படித்தான் ஆகும். வினாத்தாளிலேயே விடையை அச்சடித்துக் கொடுத்த பரீட்சை.

இவற்றுக்கென்றே 1877இல் பெப்பின் கொடுத்த சோதனை 2ஐ விட்டு 3ஐ எடுக்கிறது: 3ஐ, எண்ணில் ஒன்று குறைத்ததின் பாதி அடுக்குக்கு உயர்த்தினால் மீதி −1 வரவேண்டும். வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண், இடைவழி இல்லை. அண்ணன் நிரலில் 2ஐ 3 ஆக்கி, அடுக்கைப் பாதியாக்கி ஓட்டினான். −1 வரவில்லை. 2⁶⁴+1 பகு எண்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. எண் பகு எண் என்று தெரிந்துவிட்டது, ஒரு காரணிகூடக் கையில் இல்லை. மூட்டைக்குள் இரண்டு பொருள் இருக்கிறது என்று ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவது போல. சில எண்களுக்கு அந்த நிலைமை இன்னும் மாறவில்லை. 2இன் அடுக்கு 10,48,576 உடன் ஒன்று கூட்டினால் 3,15,653 இலக்க எண் வரும். அது பகு எண் என்று நிரூபணம் ஆகிவிட்டது, காரணி ஒன்றும் சிக்கவில்லை. அதே வரிசையில் 50,50,446 இலக்கமுள்ள இன்னொன்றுக்கும் 1999இலிருந்து அதே கதை.

2⁶⁴+1க்கு அந்த அளவு கஷ்டம் இல்லை. ஆனால் 2⁶⁴−1 போல இரண்டு மாலையில் விழும் எண்ணும் இல்லை. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 2. ஒன்றைக் கழித்த எண் பலகை மடிப்பில் உடைந்தது. ஒன்றைக் கூட்டிய எண்ணுக்கு மடிப்பே இல்லை. ஃபோர்த்துனே லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 1880இல், தம்முடைய 82ஆவது வயதில், அதன் காரணிகளை வெளியிட்டார்: 274177 × 67280421310721. இதற்கான விதி 256இன் மடங்கோடு 1; 274177 அந்தப் பட்டியலில் 1071ஆவது எண். 641 ஐந்தாவதாகவே வந்துவிட்டதை நினைத்தால் வித்தியாசம் புரியும்.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், சரிபார்ப்பது சுலபம். அதைக் கொட்டகையிலேயே செய்தோம். 4294967296ஐ 274177 ஆல் வகுத்தால் 15665 தரம் போக 15409 குறைகிறது. ஆக 2³²க்கு மீதி −15409. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴க்கு மீதி கிடைக்கும். 15409 × 15409 = 237437281. இதோடு 1ஐக் கூட்டினால் 237437282. அது சரியாக 274177 × 866. அவ்வளவுதான், வகுபடுகிறது. அண்ணன் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்பே தங்கை முடித்துவிட்டாள். அவன் சரிபார்த்துவிட்டு மூடினான்.

இரண்டு பலகை

ஜூன் இரண்டாம் வாரம். படகுகளில் ஐஸும் டீசலும் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அவள் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு சதுரங்கப் பலகையை வாங்கி வந்து, பழைய பலகையோடு ஒட்டி வைத்தாள். “128 கட்டம் சார். இப்ப மொத்தம் எவ்வளவு வரும்?”

“நீயே சொல்லேன்” என்றேன்.

இரண்டாவது பலகை முதல் பலகையின் நகல், 2⁶⁴ தரம். ஆக மொத்தம் (2⁶⁴−1) × (2⁶⁴+1). முதல் எண்ணுக்கு ஏழு காரணி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது எண்ணுக்கு இரண்டு. அவள் பழைய பக்கத்தைப் புரட்டி, தாளில் வரிசையாக எழுதினாள்:

3, 5, 17, 257, 641, 65537, 274177, 6700417, 67280421310721.

முப்பத்தொன்பது இலக்க எண். ஒன்பது பகாக்காரணிகள், 512 வகுஎண்கள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி எண் பகா எண்தானா என்று அவளே கேட்டாள். ஆமாம், ஆனால் அதற்கு நிரூபணம் கொஞ்சம் நீளம், நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

அப்பா கொட்டானில் இருந்த 128 சிப்பியையும் திரும்பப் பலகை மேல் கொட்டினார். “நாளைக்கு நான் கடல்ல இருப்பேன்” என்றார். “வந்தப்புறம் சொல்லு தாயி.”